தங்கச்சி வீட்டு விலாசம்

மட்டக்களப்பு, புளியந்தீவு
8.9.1946, ஞாயிறு

அன்புள்ள சின்னத்தங்கம்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நீ அனுப்பிய தயிர்ச் சட்டியைக் கழுவிக் கிணற்றுக் கட்டில் வெயில் படும்படி கவிழ்த்து வைத்தேன். முகம் கழுவியதே அதற்குப் பிறகுதான். சட்டியின் அடியில் தண்ணீர் வடிவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இரண்டு வருடமாக உனக்கு நான் ஒரு வரியும் எழுதவில்லை என்பது உறைத்தது. நீ செய்திக்குமேல் செய்தி சொல்லி அனுப்புகிறாய், தயிர் அனுப்புகிறாய். நான் தின்றுவிட்டுச் சட்டியைக் கழுவுகிறேன்.

கண்ணகையின் கலியாணத்துக்கு நான் வராதது பிழை. பதினேழு வயது மகளை வீட்டு உறுதிப் பத்திரத்தோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறாய் என்று எழுதியது அதைவிடப் பெரிய பிழை. நீ பதிலுக்கு எழுதியதையும் நான் மறக்கவில்லை: "கலியாணமும் வீடும் இல்லாதவர்களுக்கு என் வீட்டுக் கதை எதற்கு." அது பொய்யல்ல. அதனால்தான் இவ்வளவு காலம் பிடித்தது. அண்ணன் மாத்திரம் இடையில் வந்துபோய்க்கொண்டு இல்லாவிட்டால் நாம் இரண்டு பேரும் இப்படியே கிழவிகளாகியிருப்போம்.

என் செய்தி சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதோடு நகரசபையில் ஒரு வேலைக்கும் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். படகுத்துறைக்குப் பக்கத்தில் யுத்த காலத்தில் அரிசி வைத்திருந்த களஞ்சியம் இப்போது வெறுமையாகக் கிடக்கிறது. பட்டினத்தில் வெளியில் படுப்பவர்களுக்கு மாரி முடியும்வரை அதைத் திறந்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கொப்பரை வைக்க வாடகைக்குத் தாருங்கள் என்று ஒரு வியாபாரியும் கேட்கிறார். முதலில் எத்தனை பேர் என்று தெரியவேண்டும், தெரிந்தபிறகு தீர்மானிப்போம் என்றார் தலைவர். ஊர்ப் பொறுப்பாளர்களான விதானைமாருக்கெல்லாம் கணக்குக் கேட்டுக் கடிதம் போட்டோம். அதைவிட, ஒரே நாள் விடியற்காலையில், முதல் பஸ் வருவதற்கு முன்னால், நாமே போய்ப் பார்ப்பது என்றும் முடிவானது. ஆஸ்பத்திரிப் பக்கமும் கோயில் பக்கமும் எனக்கு. சந்தையும் படகுத்துறையும் உசனாருக்கு. அவர் காத்தான்குடிக்காரர், இங்கே துணிக்கடை வைத்திருக்கிறார், சபை உறுப்பினர். வாய் கொஞ்சம் நீளம், மனம் நல்லது.

எண்ணுவது சுலபம் என்றுதான் நினைத்தோம். ஆனால் வெளியில் படுத்திருப்பவர்கள் எல்லாரும் வீடில்லாதவர்களா? ஆஸ்பத்திரியில் ஆளை வைத்துவிட்டு வாசலில் படுப்பவர்கள், தோணிக்குக் காத்திருப்பவர்கள், நெல் விற்க வந்து வண்டிக்குக் கீழே படுப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நான்தான் ஒரு வழி எழுதிக் கொடுத்தேன். எழுப்பி, "எந்த வீட்டு ஆள்?" என்று கேட்பது. ஊரும் வீடும் சொன்னால் அவர் வழிப்போக்கர், விட்டுவிடுவது. சொல்ல முடியாதவரை எண்ணுவது. நம் பக்கத்தில் ஒருவரை அறிவதற்கு இதைவிட நேரான கேள்வி உண்டா? எல்லாருக்கும் பிடித்தது. தலைவர், "டீச்சர் எண்டா டீச்சர்தான்" என்றார்.

ஒன்பது பேர். அவ்வளவுதான். பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்து வழி தவறியவர்கள், புத்தி பேதலித்த ஒருவர். ஒன்பது பேருக்காக ஒரு களஞ்சியமா என்று சபையில் பேச்சு. கொப்பரைக்காரருக்குத்தான் போகும்போலிருக்கிறது. எனக்கும் ஒரு வகையில் நிம்மதிதான். நம் ஆட்கள் வெளியில் படுக்கிறதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. அண்ணன் நன்றாக மெலிந்துவிட்டார். போன ஞாயிறு வந்தபோது இருமிக்கொண்டே இருந்தார். இரவில் கொஞ்சம் மிளகு போட்டு ரசம் வைத்துக் கொடு. அண்ணி செத்ததோடு குருக்கள்மடத்து வீடு அவளுடைய தங்கைக்குப் போய்விட்டது, யுத்தம் முடிந்து வேலையும் போய்விட்டது. உன் கூரையின் கீழ் இருக்கிறார் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

சட்டியை அடுத்த முறை அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். வெறும் சட்டியாக வராது.

அக்கா
இலட்சுமிப்பிள்ளை


பெரியகல்லாறு
13.9.46

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் படலையில் நின்று கூப்பிட்டபோது உங்களுடைய எழுத்தைக் கண்டு நின்ற இடத்திலேயே பிரித்தேன். வாசித்தபிறகு ஒன்றும் விளங்கவில்லை.

எந்தத் தயிர்? நான் தயிர் அனுப்பவில்லை. எங்கள் வீட்டில் மாடு ஏது? போன மாரியில் வெள்ளத்தோடு போன பசுவுக்குப் பிறகு நாங்கள் மாடு வைக்கவில்லை. நான் சொல்லி அனுப்பினேன் என்கிறீர்களே, நான் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. நீங்கள்தான் சொல்லி அனுப்பினீர்கள். கண்ணகையின் பிள்ளைக்குச் சீத்தைத் துணி அனுப்பினீர்கள், பூப்போட்டது, நல்ல துணி. அதைப் பார்த்துத்தான் என் கோபம் பாதி போனது.

மெலிந்துவிட்டார், மிளகு ரசம் வை என்று எனக்கு எழுதுகிறீர்கள். உங்களோடு இருக்கிற ஆள் மெலிந்தால் என்னை ஏன் கேட்கவேண்டும்? கலியாணம் முடிந்து வந்த தை மாதம் பாயைச் சுருட்டிக்கொண்டு, "பெரிய தங்கச்சி வரச் சொல்லிரிக்கா, அங்க ஒரு அறை சும்மா கிடக்காம்" என்று சொல்லிவிட்டுப் போனவர். அதற்குப் பிறகு விருந்தாளி மாதிரித்தான் வருகிறார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, சோறு தின்று, பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று எழும்பிவிடுவார். "அக்கா தேடுவா" என்பார். அவர் அங்கே கட்டிலில் படுக்கிறார், பள்ளிக்கூடத்துச் சாப்பாடு சாப்பிடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். படித்தவர்கள் வீட்டில் இருக்கிற ஆளுக்கு என் வீட்டுச் சோறு பிடிக்குமா என்று கூழ் காய்ச்சாமல் சோறாக்கிப் போட்டேன்.

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டு உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன்.

உன் கூரையின் கீழ் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அக்கா, அண்ணன் உங்களிடம் இல்லையா?

இங்கே இல்லை. அவர் படுத்த இடத்தில் இப்போது மருமகனின் சைக்கிள் நிற்கிறது. மருமகன் ஒன்றும் போகச் சொல்லவில்லை, நல்ல பிள்ளை. உறுதி எழுதி வீடு கண்ணகைக்குப் போனதும், புது மாப்பிள்ளை வந்து இருக்கிற வீட்டில் மாமன்காரன் நடு அறையில் பாய் போட்டுக் கிடக்கக்கூடாது என்று அண்ணனுக்கே பட்டிருக்கும். நானும் கண்ணகையின் அப்பாவும் குசினிக்குள், அடுப்படிக்கு மாறினோம். குசினிக்குள் மூன்றாவது பாய் விரிக்க இடமில்லை. அவரைப் போ என்று நான் சொல்லவில்லை, அக்கா. இரு என்றும் சொல்லவில்லை.

எங்கே படுக்கிறார்? உடனே பார்த்து எழுதுங்கள்.

சின்னத்தங்கம்


மட்டக்களப்பு
17.9.46

அன்புள்ள தங்கச்சி,

பயப்படாதே. அண்ணன் நன்றாக இருக்கிறார். நேற்றுக் கண்டேன்.

உன் கடிதம் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வந்தது. வாசித்துவிட்டு எங்கே தேடுவது என்று தெரியாமல் உசனாரின் கடைக்குப் போனேன். சந்தைப் பக்கத்து ஆட்களையெல்லாம் அவருக்குத் தெரியும். உயரமானவர், இடது புருவத்தில் தழும்பு, பெயர் கோணாமலை என்றேன். உசனார் துணியைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார்.

"பெரியகல்லாத்தாரக் கேக்கீங்களா? பஸ்ஸுக்கு நிக்கிற ஆளு?"

அங்கே எல்லாரும் அவரை அப்படித்தான் சொல்கிறார்களாம். விடியற்காலையில் எந்த நாள் போனாலும் துறையடியில் நிற்பார், கேட்டால் தங்கச்சி வீட்டுக்குப் போகப் பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்பாராம். "தங்கச்சிக்காரியில இவ்வளவு இரக்கமான மனிசன நான் கண்டதில்ல டீச்சர். பிள்ளைக்கெண்டு சீத்தைத் துணி என்னட்டத்தான் வாங்கினாரு. ஒரு முழம் கூட்டி வெட்டிக் குடுத்தன்" என்றார். அன்றைக்கு எண்ணப் போனபோது படுத்திருந்தாரா என்று கேட்டேன். உசனாரின் சிரிப்பு போய்விட்டது. "படுத்துத்தான் கிடந்தாரு. எழுப்பிக் கேட்டன். பெரியகல்லாறு, சின்னத்தங்கத்துட வீடு எண்டு சுணங்காமச் சொன்னாரு. நீங்க எழுதித் தந்தபடிதானே டீச்சர், விட்டுட்டு வந்தன்."

நான் எழுதிக் கொடுத்தபடிதான்.

துறையில் ஒரு தோணியிலிருந்து கூரை வேயும் கிடுகு இறக்கிக்கொண்டிருந்தார்கள். தலையில் கட்டோடு அண்ணன் வந்தார். என்னைக் கண்டதும் கட்டைப் போட்டுவிட்டு இடுப்புத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பஸ் இன்னும் வரல்ல புள்ள" என்றார்.

முதலில் தயிரைத்தான் கேட்டேன். யார் தந்த தயிர் என்றேன். சின்னவள் தந்தது என்றார். சின்னவள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள் என்றேன். அவிழ்ந்த கட்டைக் குனிந்து இறுக்கினார். பிறகு பல் தெரியச் சிரித்தார்.

"ரெண்டு பேரும் எழுதிக்கிட்டீங்களா? அப்ப என்ட வேலை முடிஞ்சி."

தயிர் அவர் வாங்கியது. துணி அவர் வாங்கியது. நீ சொன்னதாக என்னிடமும் நான் சொன்னதாக உன்னிடமும் சொன்ன நல்ல வார்த்தைகளெல்லாம் அவருடைய சொந்தக் கற்பனை. வெள்ளை வேட்டி ஒன்று மாத்திரம் துணி வெளுக்கும் கட்டாடியிடம் கொடுத்து வைத்திருக்கிறார். நம் வீடுகளுக்கு வரும் நாளில் வாங்கிக் கட்டிக்கொண்டு, திரும்பி வந்து அவனிடமே கொடுத்துவிடுகிறார். படுப்பது, கரையில் கவிழ்த்து வைத்த பழைய தோணி ஒன்றின் கீழ். உள்ளே மணல் காய்ந்து நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்குக் காட்டினார். மாரி வந்து தண்ணீர் ஏறினால் அந்தக் கரையே இருக்காது என்பது அவருக்கும் தெரியும்.

ஏன் எங்கள் இரண்டு பேரிடமும் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"நான் எனக்கு வீடில்ல எண்டு ஒருத்தனுக்குச் சொன்னா, அந்தச் சொல்லு ஆரில போய் விழும்? என்னிலயா? ரெண்டு தங்கச்சி இரிக்க, கூடப் பொறந்தவன் தெருவில எண்டுதானே சொல்லுவானுகள். உங்களுக்கு அந்தப் பேரு வேணாம். எனக்கு முதுகில கொஞ்சம் மணல் ஒட்டினா என்ன."

உன்னிடம் வரச் சொன்னேன். சிரித்தார். என்னிடம் வரச் சொல்ல எனக்கு வாய் இல்லை. பள்ளிக்கூட விடுதியில் ஆண்கள் வாசல்வரைதான் வரலாம் என்பதை உனக்கு நான் எழுதியதே இல்லை. அவருக்கு அது தெரிந்திருக்கிறது. என்னிடம் சும்மா கிடக்கும் அறை என்று உனக்குச் சொன்னாரே, அப்படி ஓர் அறை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

அக்கா


பெரியகல்லாறு
22.9.46

அக்கா,

நீங்கள் உங்கள் என்று எழுத எனக்கு இனித் தெம்பில்லை. நீ என்றே எழுதுகிறேன், சின்ன வயதில் கூப்பிட்டதுபோல.

கண்ணகையின் அப்பா வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் போய் அண்ணனைப் பார்த்தாராம். மச்சான் வாங்க, குசினியை அந்தப் பக்கம் நீட்டிக் கிடுகு கட்டுவம் என்று கேட்டாராம். அண்ணன் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, வெற்றிலை போட்டுக் கதைத்துக்கொண்டிருந்துவிட்டு, இந்த மாதம் துறையில் வேலை கூட, மறுகா பார்ப்பம் என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டாராம். கூப்பிடப் போன ஆள் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து நிற்கிறார். அவரோடு இரண்டு நாளாக நான் கதைக்கவில்லை.

மறுகா இன்னொரு விசயம். பட்டினத்தில் நீங்கள் ஆள் எண்ணுகிற கதை இங்கேயும் வந்துவிட்டது. விதானையார் சந்தியில் நின்று சொல்லியிருக்கிறார், நம்மட ஊரில் வீடில்லாத ஆள் ஒருவரும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று. யாரோ அண்ணனைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். "கோணாமலை பட்டினத்தில படிச்ச தங்கச்சியோட இரிக்கான், அவன் எனக்குக் கணக்கில்ல" என்றாராம்.

அக்கா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். சபையில் இதைச் சொல்லாதே. அண்ணன் சொன்ன விலாசத்தில் என் பெயர் இருக்கிறது. சின்னத்தங்கத்தின் வீட்டில் ஒரு பாய்க்கு இடமில்லை என்று கல்லாறு முழுக்கச் சொல்லும். கண்ணகையின் மாமியார் ஏற்கெனவே ஒன்றும் விடாமல் எண்ணுகிற ஆள். பிள்ளைத்தாச்சியாக இருக்கிறவள் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டும். ஆமாம், கண்ணகைக்கு இரண்டாவது. உனக்கு அதையும் அண்ணன் சொல்லியிருப்பார்.

நீ மனதில் என்ன நினைப்பாய் என்று தெரியும். நான் மனிசியா என்று நினைப்பாய். உனக்குச் சொல்கிறேன், அம்மா தன் அட்டியலை விற்று உன்னைக் காலேஜுக்கு அனுப்பினா. எனக்கு வீடு தந்தா. மூத்தவள் நீ, முறைப்படி வீடு உனக்கு வரவேண்டியது. நீ கலியாணம் வேண்டாம் என்றதால் எனக்கு வந்தது. உனக்கு வந்த படிப்பை யாரும் உன்னிடமிருந்து வாங்க முடியாது. எனக்கு வந்த வீட்டை நான் மகளுக்குக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் படுக்கிறேன். மழை பெய்தால் அடுப்போடு சேர்த்து எங்கள் தலையும் நனைகிறது. உன் ஆட்கள் என்னை எழுப்பிக் கேட்டால் நானும் என் வீடு என்றுதான் சொல்வேன். என் மகளுக்கு வீடில்லாத தாய் என்று பெயர் வர விடுவேனா? அண்ணன் செய்ததைத்தான் நானும் செய்வேன். நீ எத்தனை பேரை எழுப்பினாலும் இங்கே ஒருவரும் வீடில்லையென்று சொல்லமாட்டோம், அக்கா.

கடைசியாக ஒன்று. போன பங்குனியில் அண்ணன் வந்து, "பெரியவ உன்னில கோபமில்லையாம், எல்லாத்தையும் மறந்திட்டாவாம்" என்று சொன்னார். நான் அன்றைக்குக் குசினிக்குள் போய் அழுதேன். அதுவும் அவருடைய கற்பனைதானா? நீ என்னை மன்னித்தாயா இல்லையா என்று உன் கையால் எழுது.

சின்னத்தங்கம்


மட்டக்களப்பு
2.10.46, புதன்

என் அன்புத் தங்கச்சி,

மன்னித்தேன். அண்ணன் சொன்னபோது அது அவருடைய கற்பனை. இப்போது என் கையெழுத்து. நான் மன்னிக்க வேண்டியதைவிட நீ மன்னிக்க வேண்டியது கூட. அதையும் அண்ணன் ஏற்கெனவே முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

உன் கடிதத்தை இந்தப் பத்து நாளில் பலமுறை வாசித்தேன். நீ எத்தனை பேரை எழுப்பினாலும் என்று எழுதியிருந்தாயே, அதை எடுத்துக்கொண்டு உசனாரிடம் போனேன். உன் பெயர் சொல்லவில்லை. என் கேள்வி பிழை, திரும்பப் போய்க் கேட்போம் என்றேன். எந்த வீட்டு ஆள் என்று கேட்கவேண்டாம், அந்த வீட்டில் கடைசியாகப் படுத்தது எப்போது என்று கேட்போம். உசனார் தாடியைத் தடவிக்கொண்டு, "அதக் கேட்டா அழுவானுகள் டீச்சர்" என்றார். ஆனாலும் வந்தார்.

ஒருவரும் அழவில்லை. பனிச்சங்கேணிக்காரர் ஒருவர், அவரும் தங்கச்சி வீடு என்று சொன்னவர், கேள்வியைக் கேட்டதும் விரல்விட்டு எண்ணப் பார்த்தார். பிறகு, "அவட மூத்த பொட்டைக்குக் கலியாணம் முடிஞ்ச வருசம்" என்று சொல்லிவிட்டு உசனாரிடம் பீடி கேட்டார். ஏறாவூர்க்காரர் ஒருவர் தாத்தா வீடு என்றார், முஸ்லிம்களில் அக்காவைத் தாத்தா என்பார்கள். மாதா கோயில் மதிலோடு சாய்ந்து முக்காடு போட்டபடி உட்கார்ந்திருந்த ஒருத்தி. முதல் முறை எண்ணிய நாளில் நான் அவளைக் கடந்துதான் போனேன், படுத்திருக்கவில்லை என்பதால் கேட்கவே இல்லை. வெட்டவெளியில் பெண்கள் நீட்டி நிமிர்ந்து படுக்கமாட்டார்கள் என்பது எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டிய விசயமா? "மகள்ட வீடு அந்தா தெரியுது, வெளிச்சம் எரியிற வீடு" என்று கையைக் காட்டினாள். நான் உன்னை நினைத்தேன்.

ஒன்பது என்பது நாற்பதுக்குமேல் போனது. இதற்குமேலும் இருப்பார்கள். நாற்பது என்பதுகூட எங்களுக்குப் பதில் சொன்னவர்களுடைய எண்ணிக்கைதான்.

திங்கட்கிழமை சபையில் அதைச் சொன்னோம். தலைவர் கெட்டவர் இல்லை. விதானைமாரின் பதில்களை ஒவ்வொன்றாக வாசித்தார். எல்லாரும் எழுதியிருப்பது ஒன்றுதான்: என் பிரிவில் ஒருவருமில்லை, இருப்பவர்கள் வேற்றூர் ஆட்கள், அவர்களுக்கு அங்கே வீடிருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, தங்கச்சி. நீ அக்கா வீட்டில் என்றாய், நான் தங்கச்சி வீட்டில் என்றேன். நாமும் விதானைமார்தான்.

"வீட்டுப் பேர் சொல்லுறவனுக்கு வீடில்லையெண்டு எந்தச் சபை எழுதும் டீச்சர்? நாளைக்கு அவனுட சகோதரிமார் வந்து எங்கட மானத்த வாங்கினீங்க எண்டு கேட்டா நான் என்ன சொல்லுற?" என்றார் தலைவர். எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், உசனார்கூட. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அந்த மேசையில் இருந்த எல்லாருடைய குடும்பத்திலும் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று எனக்குப் பட்டது. தெரிந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒரு பெயராவது சொல்லுங்கள், வீட்டுப் பெயர் சொல்லியும் வீடில்லாத ஒருவரை அவருடைய குடும்பத்தார் ஒத்துக்கொண்டு சொன்னால் போதும், களஞ்சியத்தைத் திறக்க நான் கையெழுத்திடுகிறேன் என்றார் தலைவர். அப்படி ஒரு குடும்பம் வராது என்ற நம்பிக்கையில்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை கடைசிக் கூட்டம். அன்றைக்கு முடிவாகாவிட்டால் சனிக்கிழமை சாவி கொப்பரைக்காரர் கையில்.

நான் திங்கட்கிழமை அண்ணனின் பெயரைச் சொல்லவில்லை. உனக்காகத்தான்.

நேற்று மழை தொடங்கிவிட்டது. மாரியின் மழை இல்லை, முன்னால் வருகிற சின்ன மழை. பள்ளிக்கூடம் விட்டுத் துறைக்குப் போனேன். அண்ணன் தோணியைச் சுற்றி மணலைக் கையால் தள்ளி வரம்பு கட்டிக்கொண்டிருந்தார், வயல் வட்டையில் தண்ணீர் வராமல் கட்டுவதுபோல. மற்றவர்களுக்கும் கட்டிக் கொடுத்திருக்கிறார். களஞ்சியம் திறந்தால் போவீர்களா என்று கேட்டேன். "எல்லாரும் போனா நானும் போவன். ஒருத்தனுக்கு மட்டும் எண்டா அது பிச்சை" என்றார். இருமல் குறையவில்லை. மிளகு ரசம் ஒரு போத்தலில் கொண்டுபோயிருந்தேன். அதைக் குடித்துவிட்டு, "சின்னவட ரசம் இதவிட உறைப்பு" என்றார். இது கற்பனை இல்லை என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். என்னை எழுப்பி, நீ எந்த வீட்டு ஆள் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். விடுதியின் பெயரை வீடென்று சொல்லமுடியாது, வேலை முடிகிற நாளில் அந்த அறை வேறொருத்திக்குப் போகும். எனக்கு வாயில் வந்த பதில் என்ன தெரியுமா? பெரியகல்லாறு, சின்னத்தங்கத்தின் வீடு. அண்ணன் சொன்ன அதே விலாசம்.

இந்தக் கடிதத்தை நான் இன்றைக்குத் தபாலில் போடப்போவதில்லை. போட்டால் நாளை உன் கைக்கு வரும், நீ வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பஸ் ஏறி வந்து என் கையைப் பிடிப்பாய். கூட்டம் முடிந்தபிறகு போடுவேன். அதனால் நான் தீர்மானித்திருப்பது, இதை எழுதுகிற இந்த நேரத்தில், அண்ணனுக்கும் தெரியாது, உசனாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அறிந்தால் என்ன சொல்வா என்பதும் எனக்குத் தெரியாது. நீ இதை வாசிக்கும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை எழும்பி நின்று, கோணாமலை என் அண்ணன் என்று சொல்லப்போகிறேன். துறையடியில் தோணிக்குக் கீழே படுக்கிறார், கேட்டவர்களுக்குத் தங்கச்சி வீட்டைச் சொன்னார் என்பேன். எந்தத் தங்கச்சி என்று யாராவது கேட்பார்கள். உசனாருக்கு உன் பெயர் தெரியும். ஆனால் எல்லாருக்கும் முன்னால் என் சொல்லை அவர் மறுக்கமாட்டார்.

அம்மாவின் மூத்த மகள் நான். வீடு முறைப்படி எனக்கு வரவேண்டியது, நீயே எழுதியிருக்கிறாய். அண்ணன் நம் இரண்டு பேருக்குமாகச் சொன்ன பொய்கள் எத்தனையோ. அவருக்காகவும் உனக்காகவும் நான் ஒன்று சொன்னால் தகும். தங்கச்சி வீடு என்று அவர் சொன்னது என் வீட்டைத்தான், அப்படி ஒரு வீடு எனக்கில்லை என்று சொல்வேன்.